விறைப்பு நல்லது

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கலாம். சத்தியமாக.

ஆனால் இப்போதே தரமாட்டேன். முதலில் ஒரு சீடரைக் காட்டவேண்டும். பிறகு ஒரு குருவை. பிறகு பத்துக் கால்விரல்களை. அதற்குப் பிறகுதான் சிரிப்பு. அவசரக்காரர் கடைசி வரிக்குத் தாவலாம், ஆனால் அங்கே ஒன்றும் விளங்காது. நான் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

சீடரின் பெயர் தில்லையம்பலம். வயது ஐம்பத்து நான்கு. சுவிஸில், சூர் நகரத்துக்கு மேலே ஒரு மலையூரில், பெரிய ஹோட்டல் குசினியில் இருபத்தாறு வருடமாகச் சமைக்கிறார். அந்தக் குசினிக்கு ஒரேயொரு யன்னல். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே. அந்த யன்னலுக்குள் அளவெடுத்து வைத்ததுபோல ஒரு பனிச்சரிவு தெரியும். கிழக்குப் பார்த்தது. மதியம்வரை வெயில் விழும். ஆக்களைக் கம்பியில் மேலே தூக்கிச் செல்லும் லிஃப்ட் அங்கே போகாது.

இருபத்தாறு வருடம் அதைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்த மனிதருக்கு, ஒருநாள் அங்கே ஏறி இறங்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சும்மா தோன்றவில்லை. மூன்று குளிர்காலம், திங்கட்கிழமை தோறும், ஆறு வயதுப் பிள்ளைகளோடு தொடக்கச் சரிவில் விழுந்து விழுந்து பனிப்பலகை பழகியிருந்தார். ஆனால் லிஃப்ட் இல்லாத இடத்துக்கு வேறு பலகை வேண்டும். ஸ்பிளிட்போர்ட் என்பார்கள். நடுவால் இரண்டாகப் பிரியும். ஒரு காலுக்கு ஒரு பாதி. அடியில் வழுக்காத பட்டை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏறவேண்டும். உச்சியில் பட்டையை உரித்து, இரண்டு பாதியையும் ஒன்றாகப் பூட்டி, ஒரே பலகையில் வழுக்கி இறங்கவேண்டும். காலில் சப்பாத்து. சப்பாத்தைப் பலகையோடு பிடித்து வைத்திருப்பது கட்டு. சப்பாத்தும் கட்டும் பிழைத்தால் பலகை எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

அதனால் குருவைத் தேடினார்.

குரு என் ஆரணி அக்கா. பெரியம்மாவின் மகள். வயது இருபத்தேழு. மலைவழிகாட்டி. ஆக்களைக் கூட்டிக்கொண்டு மேலே போவாள், முழுசாகக் கூட்டிக்கொண்டு வருவாள். கீழே ஒரு வேலைக்கூடத்தில் சப்பாத்து அளவு பார்த்து, கட்டுப் பூட்டிக் கொடுப்பாள். அவள் ஒப்பாமல் அவளோடு ஒருவரும் மேலே போக முடியாது.

அக்கா இங்கேயே பிறந்தவள். அவளுடைய தமிழ் முழுவதும் பெரியம்மா அவளைச் சின்னதில் ஏசின தமிழ். வா. இரு. தின். கழட்டு. பொறு. யாரைக் கண்டாலும் 'நீ'. கோயில் ஐயரை ஒருமுறை "நீ சாப்பிட்டியா?" என்று அன்பாகக் கேட்டாள். பெரியம்மா இரண்டு மாதம் கோயில் பக்கம் போகவில்லை.

நான் சாம்பவி. பதினாறு வயது. எனக்குக் குரல்கள் வரும். அடுத்த தரிப்பிடம் சொல்லும் பஸ் பெண்ணின் குரல், கணக்கு வாத்தியாரின் குரல், அம்மா வெள்ளைக்காரரோடு கதைக்கும்போது மட்டும் வரும் சீனிப்பாகுக் குரல், எல்லாம் வரும். ஆரணி அக்காவின் குரல் மிகவும் சுலபம். கொஞ்சம் தாழ்ந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு மூச்சை உள்ளே இழுத்து ஒரு 'ம்'.

மாசி விடுமுறையில் வேலைக்கூடத்தின் போன் என் கையில் இருந்தது. "தமிழ் வந்தா நீ," என்று அக்கா சொல்லியிருந்தாள்.

தமிழ் வந்தது. குரல்பதிவாக வந்தது. பின்னால் குசினி விசிறி இரைகிறது, பாத்திரம் கழுவும் இயந்திரம் உறுமுகிறது, யாரோ இத்தாலி மொழியில் ஏசுகிறார்கள். அதற்கு நடுவே ஒரு பணிவான குரல்.

"வணக்கம் குருவே. நான் தில்லையம்பலம். ஹோட்டல் குசினி. கிழக்குச் சரிவுக்குப் போக ஆசைப்படுறன். என்னட்டைச் சப்பாத்தும் இல்லை, கட்டும் இல்லை. மெதுவான சப்பாத்து நல்லதோ, விறைப்பான சப்பாத்து நல்லதோ? ஒரு வழி காட்டுங்கோ."

குருவே!

பிறகுதான் அறிந்தேன், அவருடைய குசினித் தட்டில் சீரகப் போத்தலுக்கும் மிளகுப் போத்தலுக்கும் நடுவில் ஒரு ஞானக்கதைப் புத்தகம் இருக்கிறதாம். சீடன் கேட்பான், குரு சம்பந்தமில்லாமல் எதையாவது சொல்லுவார், சீடன் ஞானம் பெறுவான். அப்படிப்பட்ட புத்தகம்.

அக்காவிடம் போனேன். அவள் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு மாமா சப்பாத்துக்கு வரப்போறாராம்."

"மூண்டாம் செவ்வாய். நாலு மணி. சரியெண்டா அந்த ஞாயிறு மேல. வர முதல் ஒண்டும் வாங்காதே எண்டு சொல்லு."

நல்ல பிள்ளையாக இருந்தால் அதை அப்படியே சொல்லியிருப்பேன். செவ்வாயையும் நாலு மணியையும் ஞாயிறையும் சொன்னேன். ஒன்றும் வாங்காதே என்பதை விட்டுவிட்டேன். ஒரு குரு அப்படியா பேசுவார்? அதற்குப் பதிலாகக் குரலைத் தாழ்த்தி, மூச்சை உள்ளே இழுத்து, இதைப் பதிந்து அனுப்பினேன்.

"தில்லையம்பலம். ம். சோறு வடிக்கேக்கை மூடியை இறுக்கிப் பிடிப்பியளோ, தளரப் பிடிப்பியளோ? ம்."

அனுப்பிவிட்டு மெழுகுப் பெட்டிக்குப் பின்னால் விழுந்து சிரித்தேன். நீங்கள் சிரிக்கவேண்டாம், இது அந்தச் சிரிப்பு இல்லை.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது.

"குருவே, எங்கட குசினியிலை சோறில்லை, மக்ரோனிதான். பரவாயில்லையெண்டு அதை வடிச்சுப் பாத்தனான். தூக்கிக்கொண்டு போகேக்கை மூடியைத் தளரத்தான் பிடிக்கிறன். ஆவி போகோணும். தொட்டியிலை சரிக்கேக்கைதான் இறுக்கிறன். அப்ப ஏறேக்கை தளர், இறங்கேக்கை இறுக்கு. ரெண்டுக்கும் இடங்குடுக்கிற சப்பாத்து. சரியோ குருவே?"

எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பின்னேரம் புட்டுச் சாப்பிடும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"அக்கா, மலை ஏறேக்கை சப்பாத்தை எப்பிடிக் கட்டோணும்?"

"ஏற, தளர். இறங்க, இறுக்கு. ஏன்?"

புட்டு மூக்கால் வந்தது.

அடுத்த கேள்வி கட்டுப் பற்றி. எத்தனையோ விதமாம், தலை சுற்றுகிறதாம், எதை முதலில் பார்ப்பது குருவே என்றார். நான் சொன்னேன்: "கோயிலுக்கு வெளிக்கிடுறியள். முதலில் வேட்டியோ, பெல்ட்டோ? ம்."

அதற்கு ஒரு நாள்தான் எடுத்தார்.

"முதலிலை வேட்டி. வேட்டிக்கு ஏத்தமாதிரித்தான் பெல்ட் இறுகும். அப்ப முதலிலை சப்பாத்து. பிறகுதான் கட்டு. உங்களை எப்பிடிப் புகழுறதெண்டு தெரியேல்லை குருவே."

அக்காவிடம் கேட்டேன். "சப்பாத்து முதல். எப்பவும்," என்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீயும் வரப்போறியா மேல?"

"சீ, சீ. குளிர்."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒன்றும் தெரியாமல் இரண்டு கேள்விக்கு இரண்டும் சரி.

மூன்றாவது பதிவு வந்தபோது அந்தப் பெருமையோடுதான் கேட்டேன். அன்று விசிறி என்றைக்கும் இல்லாத இரைச்சல். பாதிச் சொல் விசிறிக்குள் போய்விட்டது. மிச்சம் இவ்வளவுதான்.

"குருவே, ஒண்டு சொல்லோணும்... உங்களுக்கு மட்டும்... விறைப்பு இருக்கு... ஒன்பது வருஷமா... மனிசிக்கும் தெரியாது... பரவாயில்லையோ?"

எனக்கு விளங்கியது: சப்பாத்து இல்லை என்றது பொய், ஒன்பது வருடப் பழைய விறைப்பான சப்பாத்து ஒன்று, மனைவிக்குத் தெரியாமல் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார். அதைப் போடலாமா என்று கேட்கிறார். இந்த முறை கதையொன்றும் வேண்டாம், நேராகவே சொல்லுவோம் என்று நினைத்தேன். விறைப்பான சப்பாத்து சரிவில் நன்றாகப் பிடிக்கும் என்று அக்கா வாடிக்கையாளரிடம் நூறு தரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"விறைப்பு நல்லது," என்றேன் அக்காவின் குரலில். "சரிவிலை விறைப்புத்தான் ஆளைக் காக்கும். எவ்வளவு விறைப்போ அவ்வளவு நல்லது. பயப்பிடாதேங்கோ. ம்."

பிறகு மூன்றே சொல் வந்தது. "நன்றி குருவே. நன்றி." குரல் உடைந்திருந்தது. ஒரு சப்பாத்துக்கு அழுகிறாரே என்று அன்றைக்கும் சிரித்தேன்.

அவர் சொன்னது சப்பாத்தை அல்ல. காலை.

ஒன்பது வருடமாக அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இரண்டு காலிலும் விரல்கள் விறைத்துப் போய், தொட்டால் தெரியாது, சுட்டால் தெரியாது. ஒஸ்லோவில் இருக்கும் அவருடைய தமையனுக்கும் அதே வருத்தம். அவர் ஒருநாள் சப்பாத்துக்குள் சின்னக் கல்லோடு வேலைக்குப் போய், கல் இருந்ததே தெரியாமல் புண்ணாகி, இரண்டு விரல் எடுக்கவேண்டி வந்தது. இதைச் சொன்னால் குரு மாட்டேன் என்றுவிடுவார் என்று தில்லையம்பலம் மாமா பயந்து பயந்து, கடைசியில் பொய்யோடு மலை ஏறக்கூடாது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னார். குரு, விறைப்பு நல்லது என்றுவிட்டார்.

இதெல்லாம் எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் தெரிய வந்தது. உங்களுக்கு இப்போதே சொல்கிறேன். நான் பட்ட பாட்டை நீங்கள் முதலிலிருந்தே படுங்கள்.

செவ்வாய் நாலு மணிக்குக் கதவு தட்டியது.

தில்லையம்பலம் மாமா நின்றார். கையில் ஒரு பெட்டி கடலைவடை, மேலே ஓர் எலுமிச்சம்பழம். காலில் புத்தம்புதுச் சப்பாத்து. கடையில் இருந்ததிலேயே மிக விறைப்பானது. குரு சொல்லிவிட்டாரே, எவ்வளவு விறைப்போ அவ்வளவு நல்லது என்று. ஒரு கிழமையாக, ஏழு நாளும் விடாமல், வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்கியிருக்கிறார்.

வாசலிலேயே குனிந்து சப்பாத்தைக் கழற்றப் போனார்.

"கழட்டாதே," என்றாள் அக்கா. "வா. நட."

அவர் முகம் மலர்ந்தது. அவருடைய புத்தகத்திலும் குருமார் எல்லோரும் 'நீ' என்றுதான் சொல்லுவார்களாம். பதிவில் மரியாதை, நேரில் உரிமை. ஆகா.

வடைப்பெட்டியை நீட்டினார். அக்கா திறந்து, நின்ற நிலையிலேயே ஒன்றைத் தின்றாள். "நல்லா இருக்கு. நீ சுட்டதா?"

"ஓம் குருவே."

"ஏன் குரு? நான் ஆரணி."

"பேரில் என்ன இருக்கு குருவே," என்றார் அவர், கண்ணை அரைவாசி மூடி. நான் மெழுகுக் கட்டிகளை அடுக்குவதுபோலத் திரும்பி நின்று கன்னத்தைக் கடித்துக்கொண்டேன்.

அவர் நடந்தார். டக், டக், டக். அக்கா அவரைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சத்தத்தைக் கேட்டாள்.

"இரு."

கதிரையில் இருந்தார். அக்கா முன்னால் முழங்காலில் நின்று சப்பாத்தைக் கழற்றினாள். குரு சீடன் காலடியில் இருப்பதைக் கண்டு அவர் பதறி எழப்போனார். "இரு!" என்றாள். இருந்தார்.

வெளிச்சப்பாத்துக்குள்ளே மெத்தென்று ஓர் உட்சப்பாத்து இருக்கும். அக்கா அதை இழுத்தெடுத்து, விரல் பக்கம்வரை கையை விட்டுத் துழாவினாள். கை நின்றது. எதையோ பிடித்து வெளியே எடுத்தாள்.

ஈரம் உறிஞ்சுவதற்குப் புதுச் சாமான்களுக்குள் வைப்பார்களே, சின்ன மணிகள் நிறைந்த வெள்ளைப் பொட்டலம். அப்பளம்போலத் தட்டையாகியிருந்தது. தின்னாதே என்று ஆறு மொழியில் எழுதியிருந்தது.

"இது உள்ள இருந்தது," என்றாள் அக்கா.

"ஓம் குருவே."

"ஒரு கிழமை."

"ஓம்."

"நீ அறியேல்லை."

அவர் மெல்லத் தலையாட்டினார். "விளங்குது குருவே. உள்ளுக்குள்ளை இருக்கிறதை மனிசன் அறியிறதில்லை."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அக்கா சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பும் வழியில் நின்றுவிட்டது.

"மேஸ் கழட்டு."

குளிருக்கென்று கம்பளிக் காலுறை இரண்டு சோடி, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். இரண்டையும் கழற்றினார். வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு கச்சான் கடலை அளவில் சிவந்திருந்தது. அக்கா வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். தோல் கிழியவில்லை. அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"நோகுதா?"

"இல்லை குருவே," என்றார், பரீட்சையில் பாஸ் பண்ணியவரைப்போல.

அக்கா பேனை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு சொன்னாள். "கண்ணை மூடு. நான் தொட்டா, தொட்டது எண்டு சொல்லு."

இதற்காகத்தானே வந்தார்! முதுகை நேராக்கினார். இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்தார். கண்ணை மூடினார். மூச்சு ஆறுதலாகப் போய் வந்தது. கோயில் சிலைகூட அப்படி இருக்காது.

அக்கா சுட்டுவிரல் நுனியால் அவருடைய வலது பெருவிரலைத் தொட்டாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த விரல். அடுத்தது. அடுத்தது. சின்னவிரல்.

இடது கால். பெருவிரல். அடுத்தது. அடுத்தது. அடுத்தது. சின்னவிரல்.

அக்கா கையை எடுத்தாள். அறையில் சூடாக்கி மட்டும் கிணுகிணுத்தது.

மாமா கண் திறக்காமல் புன்னகைத்தார்.

"நான் ஆயத்தம் குருவே. தொடங்குங்கோ."

என் கையில் இருந்த மெழுகுக் கட்டி விழுந்தது. அவர் அந்தச் சத்தத்துக்குக் கண் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார். பிறகு அக்காவின் கை, வேலை முடிந்த கைபோல அவளுடைய மடியில் கிடப்பதைப் பார்த்தார்.

"தொட்டிட்டியளோ?"

"பத்தும்."

அக்கா மறுபடியும் தொட்டுக்கொண்டு மேலே வந்தாள். பாதத்தின் நடுவில் வந்தபோது அவர் "இஞ்சை! இஞ்சை தெரியுது!" என்று கத்தினார். அக்கா அந்த இடத்தில் பேனையால் ஒரு கோடு கீறினாள். மற்றக் காலிலும் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் தெரியும், அந்தப் பக்கம் தெரியாது.

"ஞாயிறு இல்லை," என்றாள்.

"குருவே..."

"இல்லை."

"நான் ஒளிக்கேல்லையே. நீங்கதானே சொன்னியள், விறைப்பு நல்லதெண்டு!"

"ஓம். விறைப்பு நல்லது." அக்கா அந்தப் புதுச் சப்பாத்தை முழங்கையால் தட்டினாள். பலகையைத் தட்டியதுபோலக் கேட்டது. "சப்பாத்து விறைப்பு. மற்ற ஆக்களுக்கு."

அவர் குனிந்து தன் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எதைச் சொல்லுறாய்?" என்று அக்கா கேட்டாள். "சப்பாத்தா? காலா?"

அந்தக் கேள்விதான். மூன்று கிழமைக்கு முதல் யாராவது ஒருவர் கேட்டிருக்கவேண்டிய ஒரேயொரு கேள்வி. நான் மெழுகுக் கட்டியைத் தேடி மேசைக்குக் கீழே போனேன். கட்டி கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது. எடுக்க மனம் வரவில்லை.

மேசைக்குக் கீழே இருந்தபடி எல்லாம் கேட்டேன். சீனி வருத்தம், ஒன்பது வருடம், ஒஸ்லோத் தமையன், கல், இரண்டு விரல். மனைவி கேட்டால் கால் குளிர்கிறது என்று சொல்லிச் சமாளித்தது. டொக்டர் தந்த கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்து மறந்ததுபோல நடித்தது. சொல்லச் சொல்ல அவருடைய குரல் இலேசாகிக்கொண்டே வந்தது. பாரமான பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைக்கிறவருக்கு வரும் மூச்சு ஒன்று உண்டு. கடைசியில் அந்த மூச்சு வந்தது.

"தோல் கிழியேல்லை," என்றாள் அக்கா. "இண்டைக்கு வந்தாய். நல்லது. ஞாயிறு போய் இருந்தா, மேலதான் பார்த்திருப்பம். ரத்தம்."

"அப்ப எனக்கு அந்தச் சரிவு இல்லையோ?"

அக்கா எழுந்து தட்டுக்குப் போனாள். நாலு சோடியை எடுத்துப் பார்த்து மூன்றைத் திருப்பி வைத்தாள். கடைசிச் சோடி அவ்வளவு அழகில்லை. விரல் பக்கம் தாரா வாத்தின் சொண்டுபோல அகலம். அவருடைய முன்னால் வைத்தாள்.

"இது மெது. விரலுக்கு இடம் இருக்கு. மேஸ் ஒண்டு. ரெண்டு போட்டா இறுகும், ரத்தம் ஓடாது, இன்னும் குளிரும்."

அவர் காலை விட்டார். அக்கா குதிக்காலைப் பிடித்துப் பார்த்தாள். குதி ஆடவில்லை. விரல்கள் எங்கேயும் முட்டவில்லை. பிறகு கட்டு ஒன்றையும் எடுத்தாள். விரலுக்கு மேலே குறுக்காகப் போகும் வாரை ஒரு துளை தள்ளிப் பூட்டினாள், பேனைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் அழுத்துகிற மாதிரி.

"டொக்டர் கடிதம் கொண்டு வா. புதுசு. கோட்டுக்குள்ள இருக்கிறது இல்லை. மனிசிக்குச் சொல்லு. பங்குனிக் கடைசியில ஒரு வெயில் நாள். அரை மணிக்கு ஒருக்கா நிப்பம். நீ சப்பாத்துக் கழட்டுவாய். ரெண்டு பேரும் பாப்பம். சிவந்தா இறங்குவம்."

"அரை மணிக்கு ஒருக்காவோ? உச்சிக்குப் போக இருட்டிடுமே!"

"விடிய முதல் வெளிக்கிடுவம்."

அவர் கண்ணைத் துடைத்தார். சிரித்தார். திரும்பவும் துடைத்தார். எழுந்து நின்று அந்தத் தாராச் சப்பாத்தோடு ஒரு சுற்று நடந்தார். சத்தமே இல்லை. பழக்கதோஷத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு கேள்வி கேட்டார்.

"குருவே, மற்ற ஆக்களுக்குக் கால் சொல்லும். இறுக்குது, கடிக்குது, போதும் நில் எண்டு. எனக்கு ஆர் சொல்லுவினம்?"

அக்கா இன்னொரு வடையை எடுத்தாள்.

"உன்ர கால் சொல்லாது. நீ கேளாதே. பார்."

அவர் அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அவருடைய புத்தகத்தில் இருக்கும் எல்லாவற்றையும்விட அது அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

நான் மேசைக்குக் கீழே இருந்து வெளியே வந்தேன். விரல் தப்பியது, சரிவும் தப்பியது. இனி இவர் எழும்பிப் போய்விட்டால் நானும் தப்பினேன். கதவுப் பக்கம் போய் அவருடைய கோட்டை எடுத்து, ஒரு நல்ல பிள்ளையாக நீட்டினேன்.

"தாங்கோ பிள்ளை, நன்றி." ஒரு கையை விட்டார். மற்றக் கை பாதியில் நின்றது.

"ஒண்டுதான் குருவே எனக்கு விளங்கேல்லை. நான் அண்டைக்கே காலெண்டு சொன்னனான். நீங்கள் ஏன் சப்பாத்தெண்டு நினைச்சியள்?"

"எண்டைக்கு?"

"பதிவிலை."

"என்ன பதிவு?"

அவர் போனை எடுத்தார். கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி தலையில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அவரே அதைக் கண்டு மூக்குக்கு இறக்கி, போன் திரையை விரலால் தள்ளித் தள்ளி, கடைசியில் பதிவைக் கண்டுபிடித்து அமத்தினார்.

வேலைக்கூடம் முழுவதும் கேட்டது. "விறைப்பு நல்லது. சரிவிலை விறைப்புத்தான் ஆளைக் காக்கும். எவ்வளவு விறைப்போ அவ்வளவு நல்லது. பயப்பிடாதேங்கோ. ம்."

அக்கா வடையைக் கீழே வைத்தாள்.

"திருப்பிப் போடு."

போட்டார். அக்கா தலையைச் சரித்துக் கேட்டாள். முடிவில் வந்த 'ம்'முக்கு அவளுடைய புருவம் உயர்ந்தது.

"குரல் என்ர," என்றாள். "தமிழ் என்ர இல்லை. எனக்கு 'பயப்பிடாதேங்கோ' வராது."

தில்லையம்பலம் மாமா போனைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மக்ரோனி, வேட்டி, பெல்ட், ஒவ்வொன்றாக அவருடைய முகத்தால் நடந்து போவது எனக்குத் தெரிந்தது. நான் தலைகுனிந்து, கோட்டின் பொத்தான்களை எண்ணுவதுபோல நின்றேன். ஐந்து. திரும்ப எண்ணினேன். ஐந்துதான்.

"குருவே," என்றார்.

இந்தமுறை அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை.